கைக்குழந்தைக்குக் கடும் அலர்ஜி: அடையாளம் காண்பது முதல் டிஸ்சார்ஜ் சம்மரி வரை

இதைப் படிக்கும் இந்த நிமிடமே குழந்தை உடம்பில் தடிப்போடு விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சுவிடத் திணறினாலோ, துவண்டு கிடந்தாலோ முதலில் 108-ஐ அழையுங்கள். பிறகு நேராக 4-ஆம் படிக்குப் போங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருப்பவர்களுக்காகத்தான் இது. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கப் போகிறவர்களும், வேலைக்குத் திரும்புவதால் தாய்ப்பாலோடு பவுடர் பால் சேர்க்கப் போகிறவர்களும் அந்த நாளுக்கு முன்பே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பெரியவர் என்றால் “தொண்டை அடைக்குது, தலை சுத்துது” என்று சொல்லிவிடுவார். குழந்தை அழும், இல்லையென்றால் அழாமல் கிடக்கும். நாம்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. புது உணவு கொடுக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

புது உணவைக் காலையில் கொடுங்கள். ராத்திரி தூங்கப் போகும் முன், பஸ்ஸில், திருவிழாக் கூட்டத்தில், கோயிலில் வேண்டாம். கொடுத்தபின் இரண்டு மணி நேரமாவது குழந்தை விழித்திருந்து, ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். உணவால் வரும் கடும் அலர்ஜி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தாமதமானாலும் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

கைக்குழந்தைகளுக்கு அதிகம் சிக்கல் தருபவை பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், கோதுமை, எள், மீன், இறால். இவற்றை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, முதல் நாள் கால் ஸ்பூனில் தொடங்குங்கள். பயந்துபோய் ஒரு வயதுவரை தள்ளிப்போடுவதால் அலர்ஜி வராமல் இருக்காது. ஆனால் குழந்தைக்குத் தோலில் கடுமையான கரப்பான் இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ வேர்க்கடலையும் முட்டையும் தொடங்கும் முன் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். முழுக் கொட்டை எந்தக் கைக்குழந்தைக்கும் கூடாது. அரைத்த விழுதை நீர்க்கக் கரைத்துத்தான் தர வேண்டும்.

நம் ஊரில் இதற்கு நேர் எதிராக நடப்பது சத்துமாவில். பாதாம், முந்திரி, பிஸ்தா, வேர்க்கடலை, கோதுமை, சோயா, பொட்டுக்கடலை என்று பதினைந்து இருபது சாமான் வறுத்து அரைத்த மாவை ஆறாம் மாதம் முதல் நாளே கஞ்சியாகக் காய்ச்சி ஊட்டுகிறோம். அதில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார். அரிசிக் கஞ்சியிலோ கேழ்வரகிலோ தொடங்கி, கலவை மாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உரைமருந்திலும் சில வீடுகளில் பாதாம் சேர்த்து உரைப்பதுண்டு. அதையும் கணக்கில் எடுங்கள்.

2. உடம்பில் நான்கு இடங்களைப் பாருங்கள்

தோல், மூச்சு, வயிறு, ரத்த ஓட்டம் ஆகியவைதான் அந்த நான்கு. ஒத்துக்கொள்ளாதது என்று சந்தேகப்படும் ஒன்று உள்ளே போன சற்று நேரத்தில் இவற்றில் இரண்டு இடங்களில் கோளாறு தெரிந்தால் அதைக் கடும் அலர்ஜி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் இதை அனாபிலாக்ஸிஸ் என்பார்கள். ஏற்கெனவே அலர்ஜி என்று தெரிந்த பொருள் என்றால் மூச்சுத் திணறலோ துவளலோ மட்டும் வந்தாலே போதும், தோலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தோல்: கொசு கடித்ததுபோல் தடித்துத் திட்டுத் திட்டாக எழும்பும். காணாக்கடி என்பார்களே, அதுதான். இப்போது இங்கே, சற்று நேரத்தில் வேறோர் இடம் என்று நகரும். உதடு, கண் இமை, காது மடல் வீங்கும். மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு தெரியாது. அதனால் நிறத்தைத் தேடாதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தடிப்பின் மேட்டைப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்புறத்தில் சிவப்பு சுலபமாகத் தெரியும். சட்டை, டயப்பர் எல்லாவற்றையும் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. “உடம்பில் ஒண்ணுமில்லையே” என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

மூச்சு: திடீரெனத் தொடங்கி விடாமல் வரும் இருமல், அழுகைக் குரல் கம்மிப்போவது, வழக்கத்துக்கு மேல் எச்சில் வழிவது, நாக்கை அடிக்கடி வெளியே தள்ளுவது. மூச்சை இழுக்கும்போது கரகரவென்ற சத்தம் வந்தால் தொண்டை வீங்குகிறது. விடும்போது விசில் அடித்தால் நுரையீரல் குழாய் சுருங்குகிறது. விலாவுக்கு அடியில் குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா பாருங்கள். 2 முதல் 12 மாதக் குழந்தை, அழாமல் இருக்கும்போது நிமிடத்துக்கு 50 முறை அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால் அது வேக மூச்சு. முழு நிமிடம் எண்ண நேரமில்லை என்றால் 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள்.

வயிறு: பால் கக்குவதும் வாந்தியும் வேறு வேறு. கக்கும் குழந்தை வாயோரம் வழியவிட்டுச் சிரிக்கும். இது பீறிட்டு, திரும்பத் திரும்ப, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத பிறகும் வரும். கைக்குழந்தைகளுக்குத் தடிப்புக்கு அடுத்தபடி அதிகம் தெரியும் அடையாளமே இந்த வாந்திதான்.

ரத்த ஓட்டம்: தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். அலறிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அமைதியாகிவிடும். “அழுது களைச்சுத் தூங்கிட்டான்” என்று தோளில் போட்டுத் தட்டுவார்கள். தூக்கமா துவளலா என்று பார்க்க உள்ளங்காலை விரலால் சுண்டுங்கள். தூங்கும் குழந்தை காலை இழுத்துக்கொண்டு முகம் சுளிக்கும். துவண்ட குழந்தையின் கையைத் தூக்கிவிட்டால் ஈரத்துணி மாதிரி விழும். நெஞ்செலும்பின் மேல் விரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால் ரத்த ஓட்டம் குறைகிறது. வெளிறிய முகம், கைகால் சில்லிடுவது, தோலில் பளிங்குக்கல் மாதிரி வரி விழுவது எல்லாம் இதே வரிசை.

காரணமில்லாத எரிச்சல், காதைப் பிடித்து இழுப்பது, கண்ணையும் மூக்கையும் தேய்ப்பது ஆகியவை தனியாக வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. புது உணவு கொடுத்த பத்தாவது நிமிடம் வந்தால் மேலே சொன்ன நான்கையும் உடனே பாருங்கள்.

3. குழப்பும் விஷயங்கள்

தக்காளி, புளிப்புப் பழம் பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரை மணியில் மறைவது வெறும் தோல் எரிச்சல். காய்ச்சலோடு வந்து நாள்கணக்கில் வந்துவந்து போகும் தடிப்புக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஊட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் முகம் நீலமானால் புரையேறி அடைத்திருக்கிறது. குழந்தையைக் குப்புற முன்கையில் கிடத்தி முதுகில் ஐந்து தட்டுத் தட்ட வேண்டிய நேரம் அது. இன்னொன்று உண்டு: சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து, தடிப்போ இருமலோ இல்லாமல், ஓயாத வாந்தியும் வெளிறலும். இது வேறு வகை உணவு ஒவ்வாமை. இதற்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும், ஆனால் சிகிச்சை முக்கியமாக நீர்ச்சத்து ஏற்றுவது.

வீட்டுப் பெரியவர்கள் இதை மாந்தம் என்பார்கள், திருஷ்டி என்பார்கள். அவர்களோடு அப்போது வாதாட வேண்டாம். சுற்றிப்போடுவதை ஆம்புலன்ஸ் வரும்வரை அவர்கள் செய்யட்டும், ஆனால் வாயில் எதையும் ஊற்றவிடாதீர்கள். வசம்பு, ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் கூடாது.

4. முதல் ஐந்து நிமிடம்

வாயில் மிச்சமிருக்கும் உணவை விரலில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குச் சொல்ல வேண்டிய வாக்கியம்: “எட்டு மாதக் குழந்தை, எட்டு கிலோ, முட்டை சாப்பிட்டு பத்து நிமிஷத்துல உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சு வாங்குது.” வயது, எடை, காரணம், மூச்சு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சேவை இலவசம். பக்கத்திலேயே குழந்தை வார்டு உள்ள ஆஸ்பத்திரி இருந்து சொந்த வண்டியும் ஓட்ட ஆளும் இருந்தால் காத்திருக்காமல் கிளம்பலாம். பைக்கில் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போவதைக் கூடுமானவரை தவிருங்கள்.

ஏனென்றால் எப்படிப் பிடிக்கிறோம் என்பது முக்கியம். ரத்த அழுத்தம் இறங்கிய குழந்தையைச் சட்டென்று தோளில் நிமிர்த்திப் போட்டால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து நிலைமை மோசமாகும். மடியில் மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். வாந்தி வந்தால் ஒருக்களியுங்கள். மூச்சுத் திணறல்தான் பெரிது என்றால் முதுகைச் சாய்வாகத் தாங்கிக் கால் நீட்டி உட்காரவைக்கலாம்.

மூச்சு நின்று, தட்டினாலும் அசையவில்லை என்றால்: இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரு முலைக்காம்புகளையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து 4 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். முப்பது அழுத்தலுக்கு இரண்டு ஊதல், குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி. 108-இல் இருப்பவரிடம் போனிலேயே வழி கேளுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள்.

கை சும்மா இருக்கும் ஒருவர் மூன்று காரியம் செய்யட்டும்: தடிப்பை போனில் படமெடுப்பது, சாப்பிட்ட நேரத்தையும் முதல் அடையாளம் தெரிந்த நேரத்தையும் எழுதுவது, பாக்கெட்டையோ டின்னையோ பையில் போடுவது. டாக்டர் பார்க்கும்போது தடிப்பு மறைந்திருக்கும். படம்தான் அதற்குச் சாட்சி.

5. ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய மருந்து

அனாபிலாக்ஸிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அளவு கிலோவுக்கு 0.01 மி.கி. ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூலில் (சிறு கண்ணாடி மருந்துக் குப்பி) எட்டு கிலோ குழந்தைக்கு 0.08 மி.லி. சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி போடலாம். போட்டபின் இதயம் படபடவென அடிக்கும், முகம் வெளிறும், கை நடுங்கும். மருந்து வேலை செய்வதன் விளைவு அது, சற்று நேரத்தில் அடங்கும்.

பொறி எங்கே என்றால், பல கிளினிக்குகளில் “அலர்ஜி” என்றதும் கை போவது அவில் ஊசிக்கும் ஸ்டீராய்டுக்கும்தான். அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும் ரத்த அழுத்தச் சரிவையும் அது நிறுத்தாது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். தடிப்பு மறைந்ததால் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. அதனால் தெருமுனை கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், சென்னையில் என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்றவற்றில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மருத்துவரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: “டாக்டர், இது அனாபிலாக்ஸிஸா? அட்ரினலின் தேவையா?” அந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

6. எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு

தெளிந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். முதல் அலை அடங்கி, மறுபடி எதுவும் சாப்பிடாமலேயே சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வருவதுண்டு. குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் கண்காணிப்பு. கைக்குழந்தை, இரண்டு டோஸ் தேவைப்பட்டது, வீடு தொலைவு என்றால் ஒரு நாள் முழுக்க இருக்கச் சொல்வார்கள்.

தனியார் மருத்துவமனையில் மருந்தின் விலை ஒரு பொருட்டே அல்ல, பில்லைத் தூக்கிவிடுவது ஐ.சி.யூ. படுக்கையும் மானிட்டரும்தான். காப்பீடு வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். குழந்தையின் பெயரைப் பாலிசியில் சேர்த்திருக்கிறீர்களா? பல பாலிசிகளில் 90 நாள் முடிந்தபின் எழுதிக் கொடுத்துச் சேர்க்க வேண்டும், தானாகச் சேராது. இரண்டாவது, 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலான பாலிசிகள் அதை உள்நோயாளி என்று ஏற்காது. எட்டு மணி நேரக் கண்காணிப்புக்குப் பணம் கைக்காசாகத்தான் போகும் என்று முன்பே தெரிந்திருந்தால் கவுன்ட்டரில் சண்டை மிச்சம்.

7. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்காமல் வாங்காதீர்கள்

பிற்பாடு அலர்ஜி நிபுணர், குழந்தைக் காப்பகம், பள்ளி எல்லாம் கேட்கப்போவது இந்த ஒரு தாளைத்தான். “அலர்ஜி”, “தடிப்பு”, “வாந்தி” என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதித் தாள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு; எத்தனை நிமிடத்தில் என்னென்ன வந்தது; வந்து சேர்ந்தபோது நாடித்துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம்; அட்ரினலின் எத்தனை மணிக்கு, எவ்வளவு, எங்கே போட்டார்கள் ஆகியவை இருக்க வேண்டும். அனாபிலாக்ஸிஸ் என்ற சொல் நோய்ப்பெயர் வரிசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பில் கட்டும் முன்பே திருத்தித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்விட்டு மறுவாரம் வந்து திருத்த அலைவது பெரும்பாடு. தடுப்பூசி அட்டையிலும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள்.

அட்மிட் ஆனபோதே கேட்க வேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை டிரிப்டேஸ். கடும் அலர்ஜியின்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருளை அளப்பது அது. அறிகுறி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது. எல்லா இடத்திலும் வசதி இருக்காது. உணவால் வந்த அலர்ஜியில் இதன் அளவு இயல்பாகவே இருந்துவிடுவதும் உண்டு, அதனால் கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

8. அலர்ஜி டெஸ்ட்: அவசரமும் வேண்டாம், பேக்கேஜும் வேண்டாம்

டெஸ்டை நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் எடுத்தால் உடம்பு களைத்திருக்கும் நிலையில் “அலர்ஜி இல்லை” என்று பொய்யாக வரலாம். தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டுக்குக் கைக்குழந்தை என்ற தடையில்லை, ஆனால் ஒரு வாரம் முன்பே செட்ரிசின் போன்ற மருந்துகளை நிறுத்த வேண்டும். அதை மறந்து ஒரு நாள் விடுப்பும் போக்குவரத்துச் செலவும் வீணாவது சகஜம். அலர்ஜிக்குக் காரணமான எதிர்பொருளை அளக்கும் ஐ.ஜி.ஈ. ரத்தப் பரிசோதனைக்கு அந்த மருந்தை நிறுத்தத் தேவையில்லை.

நூறு பொருள் ஒரே ரத்தத்தில் என்று லேப்கள் விற்கும் பேக்கேஜுக்குப் பல ஆயிரம் போகும். அதில் பத்துப் பொருள் பாசிட்டிவ் என்று வரும், குழந்தை அதில் ஏழெட்டை இதுவரை பிரச்சினையின்றிச் சாப்பிட்டிருக்கும். பாசிட்டிவ் என்பதாலேயே அலர்ஜி ஆகிவிடாது. அன்று சாப்பிட்ட பொருளுக்கு மட்டும் எடுத்தால் போதும். ஐ.ஜி.ஜி. டெஸ்ட், முடியை வைத்துச் சொல்லும் டெஸ்ட் இவற்றுக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

9. வீட்டில் அட்ரினலின்

வெளிநாடுகளில் பேனா போன்ற தயார் ஊசி தருவார்கள். நம் மருந்துக்கடைகளில் அது சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர் தம் பயணப்பெட்டியில் சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு கொண்டுவரலாம், சுங்கத்தில் சொல்ல வேண்டும், மருந்துச்சீட்டு கையில் இருக்கட்டும். கூரியரில் வரவழைப்பதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் படிவம் 12ஏ-இல் விண்ணப்பித்து 12பி அனுமதி பெற வேண்டும். அளவையும் கவனியுங்கள்: பரவலாகக் கிடைப்பது 0.15 மி.கி., எட்டு கிலோ குழந்தைக்கு அது கணக்குக்கு மேல். தரலாமா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மற்ற வழி, மருத்துவர் எழுதிக் கொடுத்து, கைப்பிடித்துப் பழக்கிய பிறகு ஆம்பியூலும் 1 மி.லி. சிரிஞ்சும் வீட்டில் வைத்திருப்பது. இன்சுலின் சிரிஞ்சில் பலர் வழுக்கி விழுகிறார்கள். 40 யூனிட் சிரிஞ்சில் 0.1 மி.லி. என்பது 4 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சில் அதே அளவு 10 யூனிட். மாற்றி எண்ணினால் இரண்டரை மடங்கு போய்விடும். அதன் ஊசியும் குட்டை, தசைவரை எட்டாமல் போகலாம். ஆம்பியூலைப் பெட்டியோடு, வெயில் படாமல் வையுங்கள். காருக்குள் விடாதீர்கள். பழுப்பு நிறமாகியிருந்தால் தூக்கிப்போடுங்கள். ஊசி போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

10. பாலுக்கு மாற்று, பாக்கெட்டில் எழுத்து

பால்தான் காரணம் என்று உறுதியானால் மூன்று தப்பான மாற்றுகள் வரிசையில் நிற்கும். லாக்டோஸ் இல்லாத பவுடர்: அதில் சர்க்கரையைத்தான் எடுத்திருக்கிறார்கள், அலர்ஜி தரும் புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பால், எருமைப்பால்: புரதம் ஏறக்குறைய ஒன்றே. “எச்.ஏ.” என்று டின்னில் போட்டிருப்பது: புரதத்தைப் பாதிதான் உடைத்திருப்பார்கள். கடும் அலர்ஜி வந்த குழந்தைக்குப் பொதுவாக எழுதுவது, முழுப் புரதமே இல்லாத அமினோ அமில பவுடர். நாளுக்கு 750 மி.லி. குடிக்கும் குழந்தைக்கு 400 கிராம் டின் மூன்றரை நாள்தான் வரும், டின் விலையோ ஆயிரக்கணக்கில். தாய்ப்பால் இன்னும் இருந்தால் அதை விடாமல் பிடித்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். அம்மா பால் பொருள்களை நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பாக்கெட் உணவில் பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது 2020-இன் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதி. அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மூலப்பொருள் வரிசையை முழுக்கப் படியுங்கள், இட்லிப்பொடியையும் நல்லெண்ணெயையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேக்கரி, ஸ்வீட் கடைச் சரக்கில் எழுத்தே இருக்காது. அங்கே வாங்காமல் இருப்பதுதான் வழி.

11. தடுப்பூசியும் மறுபரிசோதனையும்

முட்டை அலர்ஜி என்பதற்காக ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், அதில் முட்டைப் புரதம் அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. எந்த ஊசி போட்டாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

பாலும் முட்டையும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர ஒத்துக்கொள்ள ஆரம்பிக்கும். ஆனால் “கேக்கில் கொஞ்சம்தானே” என்று வீட்டில் பரிசோதிக்கக் கூடாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை நிபுணரைப் பார்த்து, அவர் சரி என்றால் ஆஸ்பத்திரியிலேயே படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பாதி நாள் ஆகும். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றுங்கள். செட்ரிசினை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். காலையில் லேசாக ஊட்டிக்கொண்டு போங்கள். கொடுத்துப் பார்க்கும் உணவை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னால் குழந்தைக்குப் பழகிய டம்ளரையும் ஸ்பூனையும் சேர்த்து எடுத்துப் போங்கள். புது இடத்தில் புது ஸ்பூனைப் பார்த்து வாயைத் திறக்காமல் தேதி வீணான குழந்தைகள் உண்டு.